வெப்பநிலையைக் குறித்தீர்களா, அண்ணா?

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் சொந்தமாக ஒரு விமானம் கட்டினார். கட்டியது, பரிசோதகர் வந்தது, சான்றிதழ் கிடைத்தது எல்லாம் நல்லபடியாக முடிந்தன. முதல் நாள் ஏறி இறங்கியதும் ஹட்டனில் அம்மா பாயசமே வைத்துவிட்டார். தொல்லை அதற்குப் பிறகுதான்.

அங்குள்ள விதிப்படி இப்படிப்பட்ட விமானம் முதலில் ஒதுக்கிய பகுதிக்குள், பயணி இல்லாமல் பறக்க வேண்டும். எஞ்சினும் புரொப்பெல்லரும் சான்று பெற்ற ஜோடி என்றால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40. அண்ணனுக்கு 40. அண்ணி ஏற முடியாது என்றதும் வீட்டில் எல்லோருக்கும் அது அரசாங்கம் கொடுத்த தண்டனையாகத் தெரிந்தது. அண்ணனும் வட்டமடித்தே நேரத்தைக் கழித்துவிடும் எண்ணத்தில் இருந்தார். கணிதம் படிப்பிக்கும் எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. விமானம் பறக்கும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டதே! வழமையான எல்லா வேகங்களிலும் கைக்கு அடங்குமா, ஆபத்தான குணம் ஏதும் ஒளிந்திருக்கிறதா, எந்த வேகத்துக்குக் கீழே இறக்கை தாங்காது என்பவற்றை யார் கண்டுபிடிப்பது? கிட், அதாவது விமானத்தைக் கட்டுவதற்கான பாகங்களின் தொகுதி, விற்ற கம்பனி தரும் எண்கள் அவர்களுடைய விமானத்துக்கு உரியவை.

கணக்கை நான் ஏற்றுக்கொண்டேன். முதலில் வேகமானி. வேகத்தை மாற்றாமல் வெவ்வேறு திசைகளில் பறந்து, ஜிபிஎஸ் காட்டும் தரைவேகங்களிலிருந்து காற்றின் பங்கை நீக்கினால் உண்மை வேகம் வரும். ஞாயிறு காலை வாட்ஸ்அப்பில் வந்த தாளில் வேகங்கள் மட்டுமே இருந்தன. உயரம் இல்லை, வெளி வெப்பநிலை இல்லை.

"வேகம் போதாதா, தங்கச்சி?"

போதாது. 5,000 அடியில் காற்று மெலிந்திருப்பதால், உண்மை வேகம் வேகமானி காட்டுவதைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதலாக இருக்கும். "நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே குதிரைப் பந்தயத் திடலில் ஓடிக் கிளம்பினால் கொழும்பில் போல ஏறுவீர்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. அந்தப் பறப்பும் எரிபொருளும் வீண். அடுத்த தடவை உயரம் வந்தது, ஆனால் உயரமானியின் அழுத்த அளவை 29.92இல், அதாவது அங்குலப் பாதரசக் கணக்கில் நியம வளியழுத்தத்தில், வைக்காமல் எடுத்த உயரம். அதுவும் குப்பைக்குப் போனது.

கடைசியில் ஒழுங்கான தாள் வந்தபோது வேகமானி 6 நொட் (மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர்) கூடுதலாகக் காட்டுவது தெரிந்தது. தரையிறங்கும்போது இல்லாத வேகத்தை இருப்பதாக நம்புவது விளையாட்டல்ல. வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் குழாயைச் சோதிக்கச் சொன்னேன். உயரமானி 1,000 அடி கூடுதலாகக் காட்டும்வரை குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி அடைத்தால், ஒரு நிமிடத்தில் அதன் ஊசி 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. அண்ணன் அனுப்பிய வீடியோவில் ஊசி நிற்கவே இல்லை, சரசரவென்று இறங்கியது. கருவிப் பலகைக்குப் பின்னால் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தது. இறுக்கியதும் வேகமானி ஒழுங்குக்கு வந்தது. அதன் பிறகு அண்ணன் வட்டமடிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் வெப்பநிலைக்கும் உயரத்துக்கும் தாளின் தலையிலேயே கட்டம் போட்டுவிடுங்கள். காற்று குலுக்கும் நேரத்தில் எடுத்த எண்களை நம்பாதீர்கள். முடிவில் பதிவேட்டில் இறக்கை கைவிடும் வேகம், ஏறும் வேகங்கள் ஆகியவற்றோடு, எந்த எடையில், எந்த ஈர்ப்பு மையத்தில் (எடை சமநிலைப்படும் புள்ளி) சோதித்தோம் என்பதையும் எழுத வேண்டும். எரிபொருளின் அளவோடு இவையும் மாறும், ஆகவே ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் தாங்கியில் எவ்வளவு எரிபொருள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்காகவும் நாங்கள் சண்டை போட்டோம்.