மினொக்சிடில் பூசுகிறவர்களுக்கு: கொழும்பு வெக்கையில் பாவித்துக் கண்டவை

முடி உதிர்வுக்குத் தலைத்தோலில் பூசும் மருந்தான மினொக்சிடிலை வாங்கிப் பூசி, "ஒரு பலனும் இல்லை" என்று கைவிட்டவர்களிடம் எப்படிப் பூசினீர்கள் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: தலையில் தெளித்து, எண்ணெய் தேய்க்கிற மாதிரித் தேய்த்துவிட்டோம். அப்படிப் பூசினால் மருந்தின் பெரும்பகுதி முடியிலேயே காய்ந்துவிடும். மயிர்க்கால் இருப்பது தோலுக்குள்ளே. அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அங்குள்ள ஒரு நொதியம் அதை மினொக்சிடில் சல்பேற்றாக மாற்றும். வேலை செய்வது அந்தச் சல்பேற்றுத்தான். இது 1979 இல் இரத்த அழுத்தத்துக்கான குளிசையாக வந்த மருந்து. குடித்தவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளரத் தொடங்கியதால்தான் பூச்சாக மாறியது. 1988 இல் அமெரிக்காவில் 2 சதவீதக் கரைசலுக்கு அனுமதி கிடைத்தது. நீண்ட நாளாகப் பாவிக்கிறவன், கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வாங்க முதல், உதிர்வது எந்த வகை என்று பிடிபட வேண்டும். நெற்றியின் இரண்டு கரையும் உள்ளே போவது, உச்சியில் வட்டமாக ஐதாவது, பெண்களுக்கு வகிடு வர வர அகலமாவது எல்லாம் பரம்பரை வழி மெலிவு. மினொக்சிடில் முக்கியமாக இதற்குத்தான், அதுவும் நெற்றிக் கரையை விட உச்சியில்தான் நன்றாகப் பிடிக்கும். தோல் மினுமினுவென்று வழுக்கையாகிப் பல வருடம் போன இடத்தில் எதிர்பார்ப்பு வேண்டாம்.

தலை முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்றால் இரண்டு மூன்று மாதம் முன்னால் உடம்புக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். டெங்கு, பிரசவம், சத்திரசிகிச்சை, சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்தது என்று ஏதாவது இருக்கும். கொழும்பில் டெங்கு பரவினால், காய்ச்சல் மறந்துபோன பிறகு தலைமயிர் கொட்டுகிறது என்று பலர் பதறுவார்கள். காய்ச்சல் வந்தபோது ஓய்வுக்குப் போன முடிகள்தான் இப்போது விழுகின்றன. இது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும்; அதற்கு மினொக்சிடில் தொடங்கினால் எது குணமாக்கியது என்றே தெரியாமல் வருடக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பீர்கள்.

சல்லிக்காசு அளவில் வழுவழுப்பாக ஒரு வட்டம் விழுந்தால் அது புழுவெட்டு, அதற்கு வைத்தியம் வேறு. சிவப்பு, எரிவு, சீழ், தழும்பு தெரிந்தால் பாமசிக்குப் போகாமல் தோல் வைத்தியரைச் சனல் பண்ணுங்கள் (நேரம் பதிந்து போய்ப் பாருங்கள்), அல்லது தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போங்கள். தழும்பு விழுந்த மயிர்க்கால் திரும்ப வராது, அதில் நாள் கடத்தக் கூடாது. பிள்ளைகளின் தலையில் செதிலோடு திட்டு இருந்தால் அநேகமாகப் பங்கசு. அதற்குக் குடிக்கும் மருந்து வேண்டும்.

இரத்தப் பரிசோதனை செய்வதென்றால் எஃப்.பி.சி. (முழு இரத்த எண்ணிக்கை), ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), ரி.எஸ்.எச். (தைரொயிட்) மூன்றும் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டி நிற்பது பெண்களிடம் சாதாரணம். பயோற்றின் என்ற விற்றமின் குளிசை போடுகிறவர்கள் அதை லாப்பில் சொல்லி, எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது தைரொயிட் முடிவைப் பிழையாகக் காட்டக்கூடியது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் "கொழும்புத் தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை, அதுதான் கொட்டுது" என்பார்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வரும் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர்தான் வன்னீர். கொழும்புக் குழாயில் வருவது அம்பத்தளையில் சுத்திகரித்த களனி ஆற்று நீரும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரும். தண்ணீர் முடியை முரடாக்கும், நுனியை உடைக்கும், மயிர்க்காலைச் சுருக்காது. வேர்ப்பக்கத்தில் வெள்ளைக் குமிழ் தெரிந்தால் உதிர்ந்த முடி, குமிழ் இல்லாமல் துண்டாக இருந்தால் உடைந்த முடி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விளங்கும்.

வாங்கும்போது காலாவதித் திகதியையும், உள்ளே வேறு மருந்து கலந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சில போத்தல்களில் மினொக்சிடிலோடு ஃபினஸ்ரறைட்டும் சேர்ந்திருக்கும். கர்ப்பமாக இருக்கிற, ஆகக்கூடிய பெண்கள் அதைக் கையால் தொடவே கூடாது, ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். வைத்தியர் எழுதித் தராமல் அந்தக் கலவையை எடுக்க வேண்டாம். முகநூலில் விற்கும், பெட்டியில் பதிவு விபரம் இல்லாத போத்தலை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான மருந்தா என்று பாமசியில் கேட்கலாம். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆண்களுக்கு வழக்கமானது 5 சதவீதக் கரைசல், ஒரு தடவைக்கு 1 மி.லீ., காலையும் இரவும். 60 மி.லீ. போத்தல் சரியாக ஒரு மாதம். இரண்டு மாதம் ஓடுகிறது என்றால் பாதிதான் பூசுகிறீர்கள். பதினைந்து நாளில் முடிந்தால் இரட்டிப்பு. அதிகம் பூசினால் அதிகம் வளராது, இரத்தத்துக்குப் போவதுதான் கூடும்.

ட்ரொப்பர் என்றால் 1 மி.லீ. கோடு இருக்கும். ஸ்ப்ரே பம்ப்தான் ஆளை ஏமாற்றும். ஒரு அழுத்துக்கு எவ்வளவு வரும் என்பது போத்தலுக்குப் போத்தல் மாறும். சிலதில் ஆறு ஏழு அழுத்து, சிலதில் பத்து. பாமசியில் ஊசி இல்லாத 1 மி.லீ. சிரிஞ்ச் ஒன்று வாங்கி, சின்னக் கிண்ணத்துக்குள் பத்துத் தரம் அடித்து உறிஞ்சிப் பாருங்கள். அளவு தெரிந்துவிடும். அதே சிரிஞ்சாலேயே பூசவும் செய்யலாம். என் அனுபவத்தில் அதுதான் எல்லாவற்றையும் விடத் திறம்: முடியைத் தெளித்து நனைக்காமல் தோலில் நேரே வைக்கலாம்.

பூசுகிற விதம் இதுதான். தலை காய்ந்திருக்க வேண்டும். கொழும்பு ஈரப்பதனில் குளித்த முடி மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். ஃபானுக்குக் கீழே இருந்து, விரலை அடித்தோலில் வைத்துப் பாருங்கள். சீப்பின் வால் முனையால் உச்சியில் ஒரு வகிடு எடுங்கள். வகிட்டில் தெரியும் வெள்ளைத் தோலில் 0.2 மி.லீ. அளவைப் புள்ளி புள்ளியாக வையுங்கள். ஓடுவதற்கு முன் விரல் நுனியால் அந்தக் கோட்டிலேயே ஒற்றிவிடுங்கள். ஒரு விரல் அகலம் தள்ளி அடுத்த வகிடு. ஐந்து வகிட்டில் 1 மி.லீ. முடியும். உச்சியில் தொடங்கி முன்னுக்கு வாருங்கள், முகம் கொஞ்சம் மேலே நிமிர்ந்திருக்கட்டும். நெற்றிக்கு வழிந்தால் அங்கேயும் பூனைமயிர் வளரும். நெற்றிக் கரையில் மெல்லியதாக வாசலீன் கோடு இழுத்துக்கொண்டால் வழிவது நிற்கும். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அற்ககோல் உள்ள மருந்து என்பதால் சாமி விளக்கு, காஸ் அடுப்பு, சிகரெட் பக்கத்தில் வைத்துப் பூச வேண்டாம்.

பிறகு நான்கு மணித்தியாலம் தலை நனையக் கூடாது. காலையில் பூசிவிட்டு உடனே ஹெல்மெற் போட்டால் மருந்து ஹெல்மெற்றின் பஞ்சுக்குத்தான் போகும், முழுக்கக் காய விடுங்கள். இரவு படுப்பதற்கு இரண்டு மணித்தியாலமாவது முன் பூசினால் தலையணை குடிக்காது, முகத்திலும் படாது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் பூச வேண்டியதில்லை. காலையில் பஸ் பிடிக்கிற அவசரத்தில் முடியவே முடியாதவர்கள் இரவுப் பூச்சையாவது விடாமல் பிடியுங்கள். இரண்டு வேளை என்று தொடங்கி மூன்று வாரத்தில் நிறுத்துவதை விட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் உதிர்வு கூடும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் போத்தலைக் குப்பையில் போடுகிறார்கள். மயிர்க்கால் புது முடியைத் தொடங்கும்போது ஓய்வில் இருந்த பழைய முடியைத் தள்ளுகிறது. குளியலறை வடிகாலில் கூடுதலாகக் கிடக்கும், சீப்பில் வரும். சில வாரத்தில் அடங்கும். நான்கு மாதம் போகாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். முழுப் பலனைக் காண ஒரு வருடம் வேண்டும். முதலில் வருவது நிறமற்ற மெல்லிய முடி, அது பிறகுதான் தடிக்கும்.

கண்ணாடியை நம்பவும் வேண்டாம். தொடங்கும் நாளில் ஜன்னல் வெளிச்சத்தில், காய்ந்த தலையை, உச்சி ஒன்று, நெற்றி ஒன்று என்று படம் எடுத்து, மாதம் ஒரு முறை அதே இடத்தில், அதே நேரத்தில், அதே முடி நீளத்தில் எடுங்கள். ஈரத் தலை எப்போதும் மொட்டையாகத்தான் தெரியும்.

அரிப்பும் செதிலும் அடுத்த தொல்லை. கரைசலில் இருக்கும் புறொப்பிலீன் கிளைக்கோல்தான் பெரும்பாலும் காரணம், அற்ககோலும் தோலை உலர்த்தும். பொடுகு போலத் தெரிவது சில வேளை பொடுகே இல்லை. அற்ககோல் ஆவியான பின் மினொக்சிடில் வெள்ளைப் பொடியாகப் படிவதும் உண்டு. கழுவினால் போகும், அரிக்காது. சிவந்து எரிந்தால் நுரையாக வரும் ஃபோமுக்கு மாறுங்கள், அதில் புறொப்பிலீன் கிளைக்கோல் இல்லை. ஆனால் கொழும்புச் சூட்டில் ஃபோம் விரலில் பட்டதும் தண்ணீராகும். கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு எடுத்தால் தோலுக்குப் போகும் வரை நிற்கும். ஃபோம் அளவு ஒரு தடவைக்கு அரை மூடி. அதற்கும் அரித்தால் மினொக்சிடிலே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், வைத்தியரிடம் போங்கள்.

உண்மையான பொடுகு இருந்தால் 2 சதவீதக் கீற்றொகொனசோல் ஷம்பூ வாரம் இரண்டு நாள். நுரையை மூன்று முதல் ஐந்து நிமிடம் தோலில் விட்டுக் கழுவ வேண்டும். உடனே அலசினால் காசுதான் வீண்.

எண்ணெயை விடச் சொல்லவில்லை. செவ்வரத்தம்பூ, கறிவேப்பிலை, வெந்தயம் போட்டு அம்மம்மா காய்ச்சிய எண்ணெய் முடியின் தண்டுக்கு நல்லது, உடையாமல் காக்கும். தலையில் எண்ணெய் இருக்கும்போது மேலே மினொக்சிடில் பூசினால் உள்ளே இறங்காது. சனிக்கிழமை முழுகுகிறவர்கள் எண்ணெய் வைத்து, ஷம்பூ போட்டு முழுகி, தலை காய்ந்தபின் இரவுப் பூச்சைப் பூசுங்கள். ரோஸ்மேரி எண்ணெயை 2 சதவீத மினொக்சிடிலோடு ஒப்பிட்ட ஒரு ஈரானிய ஆய்வு 2015 இல் வந்தது. ஆறு மாதத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றது. சின்ன ஆய்வு, 5 சதவீதத்தோடு ஒப்பிடவில்லை. அதை மட்டும் நம்பி உள்ள மருந்தை நிறுத்த மாட்டேன். சின்ன வெங்காயச் சாற்றைத் தோல் புண்ணாகும் வரை தேய்த்தவர்களையும் கண்டிருக்கிறேன். புண்ணில் மினொக்சிடில் பட்டால் இரத்தத்துக்கு அதிகம் போகும். தோலில் நுண்ணிய துளை போடும் ஊசி உருளையான டெர்மாரோலர் உருட்டிய நாளிலும் அதே காரணத்துக்காகப் பூச வேண்டாம்.

பெண்களுக்கு 2 சதவீதக் கரைசல் இரு வேளை, அல்லது 5 சதவீத ஃபோம் ஒரு வேளை. கன்னத்திலும் காதோரத்திலும் முடி வளர்வது சிலருக்கு நடக்கும், நிறுத்தினால் சில மாதத்தில் போய்விடும். கர்ப்பம், தாய்ப்பால் காலத்தில் பூசக் கூடாது. குழந்தை பிறந்து மூன்றாம் மாதத்தில் கொட்டுவதைப் பார்த்து அவசரப்படும் தாய்மார் கொஞ்சம் பொறுங்கள், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். கொண்டையை இறுக்கிக் கட்டுவதை மட்டும் இன்றைக்கே விடுங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் கட்டாயம் கவனம் வேண்டும். தலையணையில் பட்டதை, கையில் ஒட்டியதை நக்கினாலே பூனை செத்துப்போகலாம். போத்தலை அலமாரிக்குள் பூட்டுங்கள், தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். கைக்குழந்தையைத் தோளில் சாய்க்கிற அப்பாமாரும் பூசிய இடத்தில் குழந்தையின் முகம் படாமல் பாருங்கள். இப்படிப் பட்டு உடம்பில் முடி வளர்ந்த கைக்குழந்தைகள் பற்றி ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2024 இல் எச்சரித்தது.

நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்று, நெஞ்சு நோ, கை கால் வீக்கம், காரணமில்லாமல் எடை ஏறுவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். இருதய நோய் உள்ளவர்களும், பிரஷர் குளிசை போடுகிறவர்களும் தொடங்க முதலே கேட்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது இல்லை.

நல்ல பலன் வந்த பிறகு நிறுத்தினால், மருந்தின் தயவில் நின்ற முடி மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். ஆகவே மாதம் ஒரு போத்தலுக்கான செலவைத் தொடர்ந்து தாங்குமா என்று தொடங்க முதலே கணக்குப் பாருங்கள். இருந்தும் நிறுத்துவதென்றால், அதே மாதத்தில் புதிதாக ஒரு சீரம், ஒரு குளிசை, ஒரு எண்ணெய் என்று எதையும் தொடங்காதீர்கள். பிறகு உதிர்வு கூடினால் எதனால் என்று உங்களுக்கும் தெரியாது, பார்க்கிற வைத்தியருக்கும் தெரியாது.