கூரை விழுந்த வீட்டை யார் வேண்டுமானாலும் படமெடுக்கலாம்

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் வடக்கே, சாந்தா ஃபேயிலிருந்து தாவோஸுக்கு மலை வழியாகப் போகிற சாலையில் லாஸ் திராம்பாஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஸ்பானிஷ் பேசும் 12 குடும்பங்கள் 1751-இல் மானிய நிலம் பெற்றுக் குடியேறிய ஊர். இன்று பூட்டிய வீடுகள்தான் அதிகம் கண்ணில் படும். இந்த ஊரையும் சுற்றியுள்ள மலை ஊர்களையும் ஓர் ஆவணத் திட்டத்துக்காகச் சில வருடங்களாகப் படமெடுத்து வருகிறேன்.

படம் தேர்வு செய்கிறவர்கள் முதலில் கேட்பது இடிந்த சுவரைத்தான். அங்கே வீடுகள் சுடாத மண் செங்கல்லில் கட்டி மண் பூசியவை. கூரை ஒழுக ஆரம்பித்துக் கவனிக்க ஆளில்லாமல் போனால் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்மேடாகிவிடும், சாயங்கால வெயிலில் அதை எடுத்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் அதைப் பார்க்கிறவர், ஊர் தானாகவே வயதாகி ஓய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். நடந்தது அப்படியில்லை. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மலைக்காடு ஊருக்குப் பொதுவாக இருந்தது. மெக்ஸிகோவிடமிருந்து இந்தப் பகுதி அமெரிக்காவுக்குக் கைமாறிய 1848 ஒப்பந்தம் அங்கிருந்தவர்களின் சொத்துரிமையைக் காப்பதாகத்தான் சொன்னது. அப்புறம் 1900-களின் தொடக்கத்தில் பாகப்பிரிவினை வழக்கு வந்தது, பொது நிலம் ஊரின் கையை விட்டுப் போனது, பின்னாளில் அதில் பெரும்பகுதி அரசின் கார்சன் தேசிய வனத்தோடு சேர்ந்துவிட்டது. தாத்தா காலத்தில் கேட்காமலே வெட்டிய மரத்துக்கு இப்போது அனுமதிச் சீட்டு வேண்டும். ஆடு குறைந்தது, ஆட்டை நம்பியிருந்த பிழைப்பு போனது, ஆண்கள் பக்கத்து மாநிலமான கொலராடோவின் சர்க்கரைக் கிழங்கு (பீட்) வயல்களுக்கும் சுரங்கங்களுக்கும், 1943-க்குப் பிறகு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், அணுகுண்டு ஆய்வகம் வந்த லாஸ் அலமோஸுக்கும் கூலிக்குப் போனார்கள். இதில் எதுவும் இடிந்த சுவரில் தெரியாது. அதனால் நான் வன எல்லை வேலியை எடுக்கிறேன், சமையலறையில் ஆணியில் மாட்டியிருக்கும் விறகுச் சீட்டை எடுக்கிறேன். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டி ஜான் காலியர் ஜூனியர். 1943 ஜனவரியில், போர்க்காலத்தில், அரசாங்கப் புகைப்படக்காரராக இதே திராம்பாஸுக்கு வந்தவர். அவர் ஹுவான் லோபெஸ் என்பவரின் வீட்டுக்குள் போய், அடுப்பு, சாப்பாடு, ஜெபம், பிள்ளைகள் என்று பொறுமையாக எடுத்திருக்கிறார். அந்தப் படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். பிற்காலத்தில் அவர் மானுடவியலுக்குப் புகைப்படத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று 1967-இல் ஒரு நூலே எழுதினார். அந்தப் படங்களின் பிரதிகளை நான் கையோடு கொண்டுபோவேன். ஒரு பாட்டியிடம் காட்டினால், படத்தில் இருக்கும் ஆளைவிட, பின்னால் இருக்கும் அடுப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். எங்கே வாங்கினார்கள், யார் வீட்டுக்குப் போனது, எந்தக் குளிரில் எத்தனை விறகு தின்றது என்று. அந்தப் பேச்சில்தான் அடுத்து எதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவரும்.

ஊர் இன்னும் உயிரோடு இருப்பது வாய்க்காலில் தெரியும். அசேக்கியா என்பார்கள். வசந்தத்தில் பங்குதாரர்கள் மண்வெட்டியோடு கூடித் தூர்வாருவார்கள், மயோர்தோமோ என்கிற நீர்க் கண்காணிப்பாளர் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பார். சாலையோரம் ஒரு பள்ளத்தைத் தாண்ட, குடைந்த மரத்தண்டுகளை ஒன்றோடொன்று கோத்து மேலே தண்ணீரை ஓட்டுகிறார்கள். பொருத்துகளில் நீர் கசிந்து, மரம் கறுத்து, அடியில் பாசி படர்ந்திருக்கும். சுற்றுலாப் பயணிகள் அதை மட்டும் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் அங்கே நின்றிருந்தபோது வாய்க்காலில் குப்பை தள்ளிக்கொண்டிருந்த பெரியவர், "மிஹோ (மகனே), இதை எடுக்காதே, என் பேரன் அந்தப் பக்கம் மடை திறக்கிறான், அவனை எடு" என்றார். பேரன் அல்புகர்க்கியில் வேலை பார்க்கிறான், வார இறுதியில் வந்து போகிறான். வீடு பூட்டியிருக்கிறது, ஆனால் தண்ணீர்ப் பங்கு கைவிடப்படவில்லை. பூட்டிய கதவை மட்டும் எடுத்திருந்தால் இது தெரிந்திருக்காது.

2022-இல் வனத்துறை திட்டமிட்டு வைத்த கட்டுப்பாட்டுத் தீ கைமீறி, இதே மலைத்தொடரில் மோரா என்ற ஊர்ப் பக்கம் 3,40,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. வெள்ளம் சாம்பலையும் மண்ணையும் கொண்டுவந்து வாய்க்கால்களை மூடியது. அப்போது வந்த செய்திப் படங்களில் எரிந்த மரமும் புகையும்தான் நிறைய. தூர்ந்த வாய்க்காலைப் பார்ப்பது அபூர்வம். அந்த மக்களுக்கு அதுதான் பெரிய இழப்பு.

இந்த ஊர்களுக்குப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மொராதா என்று சின்ன வழிபாட்டுக் கட்டடங்கள் இருக்கும், ஒரு சகோதரத்துவ சபைக்குச் சொந்தமானவை. கதவு திறந்திருந்தாலும் கேட்காமல் கேமராவை எடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆட்களை எடுத்தால் பிரதி போட்டுக் கொடுங்கள், தபாலில் அனுப்பாமல் நேரில் போய்க் கொடுங்கள், குறிப்பில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். நான் எழுதிய குறிப்புகளில் பாதியை அவர்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.