புது ரிப்போர்ட் மென்பொருளோடு மூன்று கிழமை

கனடாவில், டொரோண்டோவின் ஸ்காபரோவில் வீடு வாங்குபவர்களுக்காக வீடுகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. இத்தனை வருடமும் வேர்டில்தான் எழுதினேன். பகலில் இரண்டு வீடு பார்த்தால், இரவு பன்னிரண்டு மணி வரை படங்களை ஒவ்வொன்றாக இழுத்து ஒட்ட வேண்டும்.

இப்போது எல்லாமே போனில். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் முன்னால் நின்று படம் எடுத்ததும் அது உரிய பகுதியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அம்புக்குறியும் அங்கேயே போட்டுவிடலாம்.

சிக்கல் வந்தது, மென்பொருளிலேயே முன்கூட்டி எழுதி வைத்திருக்கும் ஆயத்தக் குறிப்புகளில். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, தட்டினால் போதும். போன சனிக்கிழமை ஒரு வீட்டின் அட்டிக்கில், அதாவது கூரைக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில், குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் உள்ளேயே முடிந்திருந்தது. மேலே பலகையில் கறுப்புத் திட்டுகள். ஆயத்தக் குறிப்போ, “காற்றோட்டக் குறைபாடு, நிபுணரை அணுகவும்” என்கிறது. வாங்கப் போகும் பிள்ளைகள், “அண்ணா, இது பெரிய செலவா?” என்று கேட்டால் இந்த வரி என்ன பதில் சொல்லும்?

அதை அழித்துவிட்டு எழுதினேன்: குளிக்கும்போது வரும் நீராவி அட்டிக்குக்குள் போகிறது, குளிர்காலத்தில் பலகையில் ஈரமாகப் படிகிறது, குழாயைக் கூரை வழியாக வெளியே விட வேண்டும், பலகையின் நிலையையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் அதையே என் சொந்தக் குறிப்பாகச் சேமித்தேன். இதுவரை நாற்பத்தொன்று சேர்ந்திருக்கிறது. அடுத்த குறிப்பு அலுமினிய வயரிங் பற்றி.