ஸ்டார்ட்டரின் கைப்பிடி

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, வங்கிக் கடன் வாங்கி, ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் டிரிபிள் ஈ, அதாவது மின்னியல்-மின்னணுவியல் பொறியியல், சேர்ந்தேன். முதல் வருடம் எல்லாத் துறையினருக்கும் பெரும்பாலும் ஒரே பாடங்கள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். முடிவு வந்தபோது கணிதத்திலும் சர்க்யூட் தியரியிலும் அரியர். அப்பாவிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று.

என்னை மீட்டது இரண்டாம் வருடத்து மெஷின்ஸ் லேப்.

அன்று டி.சி. ஷன்ட் மோட்டார், அதாவது நேர் மின்சாரத்தில் ஓடும் ஒரு வகை. அதைத் தொடங்கிவைக்கக் கைப்பிடி வைத்த ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. இணைப்பைச் சரிபார்க்க வந்த ஆசிரியர், “ஸ்டார்ட்டர் எதற்கு?” என்றார். “தொடக்க மின்னோட்டத்தைக் குறைக்க” என்று மனப்பாடமாகச் சொன்னேன். “எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு?” என்றார். விழித்தேன். மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் மின்தடையை அளக்கச் சொன்னார். ஏறக்குறைய ஒரு ஓம். சப்ளை 220 வோல்ட். சுழலும்போது மோட்டாரே சப்ளைக்கு எதிராக உண்டாக்கும் வோல்டேஜ்தான் எதிர் மின்னியக்கு விசை; சுழலாமல் நிற்கும்போது அது இல்லை. அப்படியே கொடுத்தால் 220 ஆம்பியர் பாயும். பெயர்ப்பலகையில் இருந்ததோ 20 ஆம்பியர். ஒரு வகுத்தல் கணக்கு என்னை அப்படி உலுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிறகு மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது மெயினை அணைத்தார். ஸ்டார்ட்டரின் மின்தடைகள் முழுதும் விலகிய கடைசிப் புள்ளியில் கைப்பிடியைப் பிடித்திருப்பது ஒரு சிறிய மின்காந்தக் காயில். கைப்பிடி உடனே விழவில்லை. சுழற்சி தளரும்வரை மோட்டாரே ஜெனரேட்டராகி அந்தச் சிறிய காயிலுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. வேகம் இறங்கியதும் ‘டக்’ என்று ஆஃப் நிலைக்குத் திரும்பியது. கரண்ட் திரும்பி வரும்போது கைப்பிடி கடைசிப் புள்ளியில் நின்றிருந்தால், அந்த 220 ஆம்பியர் கதைதான்.

எனக்கு எங்கள் மோட்டார் கொட்டகை நினைவுக்கு வந்தது. இரவில் மும்முனை மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அப்பா டார்ச்சோடு வரப்பில் நடந்துபோய்ப் பச்சைப் பொத்தானை அழுத்துவார். ஸ்டார்ட்டர் பழுது என்றே நினைத்திருந்தேன். அது ஏ.சி. மோட்டார், அமைப்பு வேறு. ஆனால் அங்கும் ஒரு காயில்தான் தொடுமுனைகளைப் பிடித்திருக்கிறது. மின்சாரம் போனால் விட்டுவிடும், தானாகச் சேராது.

அதன்பிறகு படிக்கும் முறையை மாற்றினேன். முதலில் இயந்திரத்தை வரைவேன், மின்னோட்டம் போகும் வழியை விரலால் தொடர்வேன், சமன்பாடு பிறகுதான். நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் ஒத்தியங்கு வேகம், அதாவது உள்ளே காந்தப்புலம் சுழலும் வேகம், நிமிடத்துக்கு 1500 சுற்று. வேகம் அளக்கும் டாக்கோமீட்டரில் 1440 கண்டபோது, இந்தப் பின்தங்கலைக் குறிக்கும் ‘ஸ்லிப்’ என்ற சொல்லுக்குப் பொருள் கிடைத்தது. சர்க்யூட் தியரி நான்காம் செமஸ்டரில் தேறியது. கணிதம் இன்னொரு முறை இழுத்தது. இப்போது படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: லேப்பில் இணைப்பை நண்பனிடம் விட்டுவிட்டு ரீடிங்கை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். நானும் ஒரு செமஸ்டர் அப்படித்தான் வீணாக்கினேன்.

விடுமுறையில் மெயினை இறக்கிவிட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து அப்பாவுக்கு அந்தக் காயிலைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். “மூன்று பேஸில் ஒன்று மட்டும் போனால் இது விடுமா, தம்பி?” என்று கேட்டார். காயில் மற்ற இரண்டு பேஸுக்கு நடுவில் இருந்தால் விடாது. மோட்டார் இரண்டு பேஸில் திணறிச் சூடேறும். போன வருடம் எங்கள் மோட்டார் எரிந்தது ஏன் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அந்தக் கேள்வியைத்தான் இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்துக்கொண்டேன்.