‘தூக்கம் வரல சிஸ்டர்’

புற்றுநோய் வார்டில் நைட் டூட்டி பார்க்கிறவர்களுக்குத் தெரியும், கேஸ் ஷீட்டில் காய்ச்சலுக்கு, பிரஷருக்கு, வாந்திக்கு எல்லாம் இடம் உண்டு. தூக்கத்துக்கு இல்லை. "தூக்கம் வரல சிஸ்டர்" என்று ஒருவர் சொன்னால், "எதையும் யோசிக்காம கண்ணை மூடிப் படுங்க" என்பதுதான் வழக்கமான பதில். இந்தப் பதில் மேல் எனக்கு நெடுநாள் கோபம். யோசனைதான் காரணம் என்று விசாரிக்காமலே எப்படி முடிவு கட்டுகிறோம்?

பல பேரை விழிக்க வைப்பது நாங்கள் கொடுக்கும் மருந்துதான். கீமோவின் போது ஒவ்வாமை வராமலிருக்கவும் வாந்தி நிற்கவும் டெக்ஸாமெத்தசோன் கொடுப்போம். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை ஏற்றுவதற்கு முந்தின இரவே சிலருக்கு அந்த மாத்திரை ஆரம்பித்துவிடும். பிறகு இரண்டு மூன்று நாள் காலை, இரவு என்று தொடரும். அது ஸ்டீராய்டு. ஆளைக் கொட்டக் கொட்ட முழிக்க வைக்கும், சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை ஏறினால் சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டே இருக்க வேண்டும். வாந்திக்காகத் தொடர்கிற இரவு மாத்திரையைக் காலை, மதியம் என்று மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டாலே பலருக்கு மாற்றித் தருவார்கள். நோயாளி கேட்பதில்லை. "கேன்சர்னா தூக்கம் எப்படி வரும்" என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

வாந்திக்குத் தரும் இன்னொரு மருந்து மெட்டோகுளோப்ரமைடு. அதைப் போட்ட ஒரு இளைஞன் இரவு முழுக்க வராந்தாவில் நடந்துகொண்டிருந்தான். படுப்பான், காலை ஆட்டுவான், எழுந்துவிடுவான். "பயந்துட்டான் பாவம்" என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் பேசிக்கொண்டார்கள். "பயமா இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "பயமெல்லாம் இல்லக்கா, உடம்பு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது" என்றான். அந்த மருந்து சிலருக்கு இப்படிச் செய்யும். டியூட்டி டாக்டர் வந்து பார்த்து அதை நிறுத்திவிட்டு வேறு ஊசி எழுதினார். மறுநாள் இரவு அவனை நடையில் பார்க்கவில்லை.

வலியும் அப்படித்தான். பகலில் பேச்சுத்துணையில் மறந்திருக்கும் வலி, விளக்கணைத்ததும் பெரிதாகும். மார்ஃபின் என்றாலே "கடைசி மருந்தா சிஸ்டர்?" என்று வீட்டார் மிரளுகிறார்கள். கடைசி மருந்தெல்லாம் இல்லை, வலிக்கான மருந்து, அவ்வளவுதான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தரும் மாத்திரை என்றால், நடு இரவில் எழுப்பாமலிருக்கப் படுக்கும் நேர அளவை டாக்டர் கூட்டி எழுதுவதுண்டு. நீங்களாகக் கூட்டக் கூடாது. அதைவிட முக்கியம், மார்ஃபின் சாப்பிடுகிறவர் மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு மட்டுப்படும்.

இதையெல்லாம் சரிபார்த்த பிறகு மிஞ்சுவதுதான் கவலை. அதுவும் 'செத்துவிடுவேனோ' என்பது மட்டுமாக இருப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு வந்திருந்த ஓர் அக்கா, ராத்திரி இரண்டரை மணிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்து விரலை மடக்கிக்கொண்டிருந்தார். "கண்ணை மூடினா கணக்குதான் ஓடுது சிஸ்டர்" என்றார். அடகு வைத்த நகைக்கு வட்டி, பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ், காப்பீட்டுத் திட்டத்தில் அடுத்த கீமோவுக்கு அனுமதி வந்ததா என்பது. 'யோசிக்காதீங்க' என்று சொன்னால் வட்டி நின்றுவிடுமா? பழைய டிரக் சார்ட்டின் பின்பக்கத்தையும் பேனாவையும் கொடுத்து, எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் அரை மணி நேரம் அதைப் பற்றி மட்டும் பேசுங்கள், இரவில் நினைவு வந்தால் 'நாளைக்கு அஞ்சு மணிக்கு' என்று தள்ளிப்போடுங்கள் என்றேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கவலைக்கென்று தனி நேரம் ஒதுக்குவதை தாமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்.

அதே போல, தூக்கம் வராமல் படுக்கையிலேயே புரளக் கூடாது. இருபது நிமிடம் போல ஆகிவிட்டால் எழுந்து நாற்காலியில் உட்காரலாம். தூக்கம் சொக்கும்போது திரும்பப் படுக்கலாம். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். கீமோ அசதியில் பகலெல்லாம் தூங்கினால் ராத்திரி சிவராத்திரிதான். பகல் தூக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இந்த மாதிரிப் பயிற்சிகள் அடங்கிய சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. நம் வார்டுகளில் அதற்கு ஆளும் நேரமும் இல்லை என்பது என் வருத்தம்.

எதற்கும் அடங்காத விழிப்பு ஒன்று உண்டு, ஒளித்து வைத்த நோயால் வருவது. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர், சாதாரணக் கட்டின்னு சொல்லியிருக்கோம்" என்று மகன் கெஞ்சுவார். வாசலில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று கொட்டை எழுத்தில் போர்டு. அந்த அம்மாவோ மகன் பாயில் தூங்கிய பிறகு என்னைக் கூப்பிட்டு, "இது அந்த வியாதிதானேம்மா? அவனுக்குத் தெரியுமா? தெரிஞ்சா தாங்க மாட்டான்" என்பார். மகனும் தூங்கியிருக்க மாட்டார், கண்ணை மூடிப் படுத்திருப்பார். நான் பொய் சொல்வதில்லை. "உங்களுக்கு என்ன தோணுதும்மா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து கேட்பேன். காலையில் டாக்டரிடம் சொல்லி இருவரையும் ஒன்றாக உட்கார வைக்கச் சொல்வேன். உண்மை வெளியே வந்தபின் அழுகை வரும். ஆனால் ஒருவருக்காக ஒருவர் நடிக்க வேண்டியதில்லை.

கவலையை நாளைக்குத் தள்ளிப்போடலாம், காய்ச்சலுக்கு மட்டும் அந்தத் தள்ளிப்போடுதல் கிடையாது. கீமோ முடிந்து ஏழு முதல் பதினான்கு நாளில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். வீட்டில் 100.4 டிகிரி காட்டினால், பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். எத்தனை மணியானாலும் வீட்டாரை எழுப்பி, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கீமோ ஃபைல் கையில் இருக்கட்டும். எந்த மருந்து, எந்தத் தேதியில் ஏறியது என்று கேஷுவாலிட்டியில் கேட்பார்கள்.