பத்தமடைப் பாய்க்கு ஒரு இணையக் கடை: பத்தாயிரத்துக்குள் கட்டி முடித்த அனுபவம்

கடை போட்டுத் தரச் சொல்லி இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டபோது முப்பதாயிரத்தில் ஆரம்பித்து ஐம்பதாயிரம் வரை போனது. எங்கள் மாமி திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிறவர். மெல்லிய கோரையில் நெய்யும் பட்டுப்பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஐம்பதாயிரத்தைப் பாய் விற்று எடுக்க எத்தனை மாதம் தறியில் உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததுமே அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். மொத்தச் செலவு பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது, வேலையை நானே செய்வது என்று முடிவு. நான் புரோகிராமர் இல்லை. அலுவலகத்தில் எக்செல் பார்க்கிற ஆள்.

பெரிய விற்பனைத் தளங்களில் கணக்குத் தொடங்கினால் போதாதா என்று பலரும் கேட்டார்கள். சாதாரணப் பாய்க்குப் போதும். எங்களிடம் அதிகம் கேட்கப்படுவதோ கல்யாணப் பாய். மாப்பிள்ளை, பெண் பேரும் கல்யாணத் தேதியும் பாயிலேயே நெய்து கொடுப்பது. திருநெல்வேலிப் பக்கம் சீர்வரிசையில் அதற்குத் தனி மரியாதை. ஆர்டர் வந்த இரண்டு மூன்று நாளில் பார்சல் கிளம்ப வேண்டும் என்கிற தளத்தில் இதை எப்படி விற்பது? மாதச் சந்தா கட்டி நடத்தும் ரெடிமேட் கடைகளையும் பார்த்தேன். வேலை சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆடியில் கல்யாணம் கிடையாது, சந்தா மட்டும் ஆடிக்கும் உண்டு. கடைசியில் எடுத்தது தளம் கட்ட வேர்ட்பிரஸ் மென்பொருள், அதன் மேல் அதைக் கடையாக்கும் வூகாமர்ஸ். இரண்டும் இலவசம். தளத்தின் தோற்றத்துக்கான தீம்கூட வூகாமர்ஸ்காரர்களே இலவசமாகத் தரும் ஸ்டோர்ஃபிரன்ட்தான். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், இருக்கட்டும். பாய் நன்றாகத் தெரிந்தால் போதும்.

தளத்துக்கென்று காசு கட்டியது டொமைன் என்கிற முகவரிப் பேருக்கும், தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் ஹோஸ்டிங் இடத்துக்கும்தான். டாட் இன் டொமைன் வருடத்துக்கு அறுநூற்றுச் சொச்சம். அதை என் பேரில், என் ஈமெயிலில் வாங்கினேன். கடை கட்டிக் கொடுப்பவர் பேரில் டொமைனை வாங்கவிட்டுப் பிறகு மீட்க முடியாமல் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹோஸ்டிங்கில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது முதல் முறை விலை. புதுப்பிக்கும் விலை கீழே பொடி எழுத்தில் இருக்கும், நான் பார்த்த இடத்தில் அது ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் குறைந்த விலையிலேயே மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன், 5,600 ரூபாய். பணம் கட்டும் பக்கத்தில் எஸ்எஸ்எல், பேக்கப், ஏதோ பாதுகாப்பு என்று வரிசையாக டிக் போட்டே வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் எடுத்தேன். எஸ்எஸ்எல், அதாவது பிரவுசருக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டும் சான்றிதழை, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலிலேயே போட்டுக்கொள்ளலாம். பேக்கப்புக்கு அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பிளகின், அதாவது வேர்ட்பிரஸில் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள். வாரம் ஒரு முறை தானாகக் கூகுள் டிரைவில் போய் உட்கார்ந்துவிடும்.

வூகாமர்ஸை நிறுவுவது ஒரு மாலை வேலை. நேரம் தின்றது பேர் எழுதும் கட்டம்.

வாடிக்கையாளர் இரண்டு பேரை டைப் செய்ய ஒரு கட்டம் வேண்டும். வூகாமர்ஸில் அது கூடவே வருவதில்லை, தனி பிளகின் வேண்டும். அதிகாரபூர்வ பிளகினுக்கு வருடக் கட்டணம் உண்டு. இலவசமாகவும் சில கிடைக்கின்றன, அதில் ஒன்றைப் போட்டேன். பாயில் இடம் அளவுதான், ஒரு பேருக்குப் பத்து எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று மாமி சொல்லியிருந்தார். உச்ச வரம்பு பத்து என்று கொடுத்துவிட்டு ‘கிருஷ்ணவேணி’ என்று அடித்துப் பார்த்தேன். ‘கிருஷ்ணவேண’வோடு நின்றுவிட்டது. கடைசி இகரம் ஏறவே இல்லை. நம் கணக்கில் அது ஆறு எழுத்து: கி, ரு, ஷ், ண, வே, ணி. பிரவுசருக்கோ ககரம் ஒன்று, அதன் மேல் விழும் இகரக் குறி ஒன்று, புள்ளி ஒன்று என்று தனித்தனி, மொத்தம் பதினொன்று. ‘ஸ்ரீ’ ஒன்றே நான்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தமிழில் படிவம் வைக்கும் யாரும் இதைச் சோதிக்காமல் விடக் கூடாது. வரம்பை இருபத்தைந்தாக உயர்த்திவிட்டு, எழுத்தை எண்ணும் வேலையை மாமி வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. பிரியாவா, ப்ரியாவா? ஹரிணியா, அரிணியா? ஆங்கிலத்தில் அடித்து அனுப்புகிறவர்களும் உண்டு. நெய்த பிறகு மாற்ற வழியே இல்லை. “பத்திரிகையில என்ன போட்டிருக்கோ அதையே போட்டுருவோம்மா, நமக்கென்ன” என்றார் மாமி. அதுதான் இப்போது நடைமுறை. ஆர்டர் வந்ததும் கல்யாணப் பத்திரிகையின் போட்டோவை வாட்ஸ்அப்பில் கேட்கிறோம். மாமியின் மகன் பேரையும் தேதியையும் பெரிய எழுத்தில் தாளில் எழுதிப் போட்டோ அனுப்புவான். அவர்கள் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகுதான் கோரையில் கை வைப்பது. அந்த ‘சரி’ நமக்கு ஒரு பத்திரம் மாதிரி. பேர் நெய்த பாயைத் திருப்பி எடுக்க மாட்டோம், முப்பது நாளாவது அவகாசம் வேண்டும் என்பதையும் ‘கார்ட்டில் சேர்’ பொத்தானுக்கு நேர் மேலே போட்டேன். கீழே, நிபந்தனைகள் பக்கத்தில் போட்டால் யார் படிக்கிறார்கள்?

தமிழால் வந்த இன்னொரு விஷயம், பக்க முகவரி. பொருளின் பேரைத் தமிழில் வைத்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே அமைக்கும். பிரவுசரில் அழகாகத்தான் தெரியும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக ஒரு முழ நீளத்துக்கு வரும், வைரஸ் லிங்க் என்று பயந்துவிடுவார்கள். போதாக்குறைக்கு வேர்ட்பிரஸ் அந்தப் பகுதியை 200 எழுத்தோடு நறுக்கிவிடும். அந்தச் சதவீத வடிவத்தில் தமிழின் ஒவ்வொரு எழுத்தும் குறியும் ஒன்பது இடம் பிடிப்பதால், இருபத்திரண்டு குறிக்கு மேல் தாங்காது. பொருள் பேர் தமிழில், முகவரி ஆங்கில எழுத்தில் என்று எல்லாவற்றையும் கையால் மாற்றினேன்.

போட்டோவுக்கு என் போன் கேமராதான். மதியத்துக்கு முன் திண்ணையில், வெயில் நேரே படாத இடத்தில் விரித்து எடுத்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் கோரையின் பழுப்பு பச்சையடித்துவிடுகிறது. ஒவ்வொரு பாய்க்கும் முழுப் பாய், ஓரம், ஒரு மூலையை மடித்துப் பிடித்த படம் என்று மூன்று. பட்டுப்பாய் துணி மாதிரி மடியும் என்று எழுதினால் நம்ப மாட்டார்கள், மடித்துக் காட்டினால்தான் அதற்கும் பிளாஸ்டிக் பாய்க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். நாலைந்து எம்பி இருக்கும் படங்களை ஸ்கூஷ் என்ற இலவசத் தளத்தில் அளவு குறைந்த வெப்பி பட வடிவத்துக்கு மாற்றி 150 கேபிக்குள் சுருக்கினேன். உம்மாவின் பழைய போனில் பக்கம் திறக்கிறதா என்பதே என் சோதனை.

புவிசார் குறியீடு பற்றியும் சொல்ல வேண்டும். பத்தமடைப் பாய்க்கு அது உண்டு. ஆனால் அந்த முத்திரையை யார் வேண்டுமானாலும் கடையில் ஒட்டிக்கொள்ள முடியாது, அதற்கென்று பதிவு செய்த பயனர் ஆக வேண்டும். மாமி பேரில் அது முடியும்வரை தளத்தில் முத்திரை கிடையாது.

இனி கூரியர். எனக்கு உண்மையில் கடையின் லாப நட்டத்தைக் காட்டியது இதுதான். நான்கடி அகலப் பாயைச் சுருட்டிக் கட்டினால் நீளம் 120 செ.மீ., குறுக்கே 15, உயரம் 15. எடை இரண்டு கிலோ. கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீள அகல உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார். 27,000-ஐ வகுத்தால் 5.4 கிலோ. சில நூறு ரூபாய்க்கு விற்கும் முரட்டுக் கோரைப் பாயை ஐந்தரை கிலோ பார்சலாக டெல்லிக்கு அனுப்பினால் பாய் விலையைக் கூரியர் தின்றுவிடும். பட்டுப்பாயை மடித்து 45க்கு 30க்கு 6 பெட்டியில் வைத்தால் கணக்கு 1.62 கிலோதான். விற்பது நான்கு இலக்க விலைக்கு. ஆக, முரட்டுப் பாயைத் தமிழ்நாட்டுக்குள் மட்டும், பட்டுப்பாயை இந்தியா முழுக்க என்று பிரித்தேன்.

வூகாமர்ஸில் இதற்கு, பொருளை அனுப்பும் வகைப்படி பிரிக்கும் ஷிப்பிங் கிளாஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. ‘சுருட்டு’, ‘மடிப்பு’ என்று இரண்டு வகுப்பு. தமிழ்நாடு, தென் மாநிலங்கள், மற்றவை என்று மூன்று மண்டலம். மண்டலப் பட்டியலை அது மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும் என்பதால் தமிழ்நாடு உச்சியில் இருக்க வேண்டும். புதுச்சேரியைத் தனியாகச் சேர்க்க மறக்கக் கூடாது. நமக்குக் காரைக்கால் நாகப்பட்டினத்துக்கு அடுத்த ஊர், சாஃப்ட்வேருக்கு அது வேறு மாநிலம்.

ஜிஎஸ்டிக்கும் அது வேறு மாநிலம்தான். சரக்கு விற்பவர் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் வருடம் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. மாநிலம் தாண்டினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு என்பது பொது விதி. கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு, புல், கோரைப் பாய் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று ஆடிட்டர் சொன்னார். ஆனால் அந்த விலக்கில் போகிறவர் வெளிமாநிலத்துக்கு அனுப்பும் பார்சல் எவ்வளவு சின்னதானாலும் சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில் போட வேண்டும். பதிவு செய்தவருக்குப் பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேல்தான். தினம் பில் போட்டுக்கொண்டிருக்க எங்களிடம் ஆள் இல்லை, பதிவே செய்துவிட்டோம். போர்ட்டலில் அதற்குக் கட்டணம் கிடையாது. வீட்டு முகவரிக்கு ஈபி பில்லும், வீடு வாப்பா பேரில் இருந்ததால் அவரிடமிருந்து ஒரு சம்மதக் கடிதமும் வைத்தோம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவும் அப்படியே, அரசுத் தளத்தில் ஆதார் வைத்து இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பது அரசுத் தளம் மாதிரியே இருக்கும் தனியார் தளங்கள். இரண்டாயிரம், மூவாயிரம் கேட்பார்கள். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆதார் எண்ணைத் தட்ட வேண்டும்.

வாடிக்கையாளர் பணத்தைத் தளத்திலேயே வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே சேவைக்குப் பான், வங்கிக் கணக்கு, உத்யம் சான்றிதழ் கொடுத்தோம். கேட்வேகாரர்கள் நம் தளத்தையும் திறந்து பார்ப்பார்கள். விலையோடு பொருள்கள், தொடர்பு முகவரி, திருப்பி எடுக்கும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமைப் பக்கம் எல்லாம் இருந்தால்தான் ஒப்புதல். இவற்றை எப்படியும் வைத்தாக வேண்டும். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் பேரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். எங்கள் கடையின் குறைதீர்ப்பு அலுவலர் நான்தான். வீட்டில் இன்னும் அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

கேட்வே கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 3,000 ரூபாய்ப் பாய்க்கு 60 ரூபாயும் 10 ரூபாய் 80 காசும். பணம் இரண்டு வேலை நாளில் கணக்குக்கு வரும். நேரடி வங்கிப் பரிமாற்றம் என்று ஒரு வழி வூகாமர்ஸிலேயே இருக்கிறது. அதில் எங்கள் யூபிஐ ஐடியையும் போட்டு வைத்தேன். பணம் வந்ததைப் பார்த்து நாமே ஆர்டரை உறுதி செய்ய வேண்டும், அவ்வளவுதான். தெரிந்த வாடிக்கையாளர்கள் அதில்தான் அனுப்புகிறார்கள். கேஷ் ஆன் டெலிவரி மட்டும் கிடையாது. பேர் நெய்த பாயை வாசலில் வைத்து ஒருவர் வேண்டாம் என்றால் அதை வேறு யாருக்குக் கொடுப்பது?

கடை திறந்த புதிதில் ஆர்டர் மெயில்கள் ஸ்பேமில் போய் விழுந்தன. மலிவு ஹோஸ்டிங்கில் இது சகஜம். மெயிலை முறையான மெயில் சர்வர் வழியாக அனுப்பும் எஸ்எம்டிபி பிளகின் ஒன்றைப் போட்டு, மெயில் நம்முடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை டொமைனில் சேர்த்ததும் சரியானது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் மெயில் பார்ப்பதில்லை. தளத்தில் பாயைப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி “இது இருக்கா? கடைசி விலை என்ன?” என்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே, அந்தப் பாயின் பேரோடு வாட்ஸ்அப் திறக்கும் லிங்க் ஒன்றைக் கொடுத்தேன். பேசி முடித்ததும் கேட்வேயிலிருந்து பேமென்ட் லிங்க் போகும். வந்த ஆர்டரில் பாதிக்கு மேல் இந்த வழிதான். கார்ட்டை அழகாக்க நான் செலவழித்த நேரத்துக்கு அவ்வளவு தேவையே இருக்கவில்லை.

டொமைன், ஹோஸ்டிங், அளவெடுத்துச் செய்த அட்டைப் பெட்டிகள், எடை பார்க்க ஒரு டிஜிட்டல் தராசு, ஆடிட்டருக்குக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. என் நேரத்துக்குக் கணக்கு எழுதவில்லை.

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கேட்கிறார்கள். அதற்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும், விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். தபால் வழி ஏற்றுமதிக்கு அஞ்சல் துறை தனி மையங்கள் நடத்துகிறது. இரண்டையும் இனிமேல்தான் பார்க்க வேண்டும். இப்போதைக்கு முகவரிப் படிவத்தில் நாடு என்ற இடத்தில் இந்தியா மட்டும்தான் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் ஊரில் இருக்கும் அண்ணன், தம்பி முகவரியைக் கொடுத்து, வரும்போது எடுத்துப் போகிறார்கள்.