உதடு தைத்தாயிற்று, ஈறு எலும்பு பாக்கி இருந்தது

எங்கள் சின்னவன் பிறந்தபோது இடப்பக்க உதடு, மேல் ஈறு, அண்ணம் என்ற வாயின் மேற்கூரை, மூன்றும் பிளந்திருந்தன. மூன்று மாதத்தில் உதட்டைத் தைத்தார்கள். ஒரு வயதை ஒட்டி அண்ணத்தை மூடினார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எங்களைத் தெரிந்தவர்கள் நினைத்தார்கள். தழும்பு மெல்லிய கோடாகிப் போனதும், "இனிமே என்னம்மா, புள்ள நல்லாத்தானே இருக்கான்" என்றார்கள். ஆனால் ஈறுக்குள் எலும்பே இல்லாத இடைவெளி அப்படியே இருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

வீட்டில் எங்களுக்குத் தெரியும். மிலோ (சாக்லேட் பானம்) குடித்தால் சில நேரம் இடது மூக்கு வழியாக வரும். மேல் உதட்டைத் தூக்கினால் ஈறில் ஒரு சின்னத் துளை. அதில் சோற்றுப் பருக்கை போய் மாட்டிக்கொள்ளும். அவன் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நாக்கு நுனியால் தள்ளித் தள்ளி அதை எடுப்பான். பள்ளிக் கேன்டீனில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் குடிக்கிறான் என்று அவன் அக்கா வந்து சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

பிளவு உள்ள பிள்ளை வைத்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஈறில் உள்ள இடைவெளியை எலும்பு வைத்து நிரப்பும் இந்தச் சிகிச்சைக்கு ஒரு பருவம் உண்டு. அது போய்விட்டால் சிகிச்சையே முடியாது என்றில்லை, ஆனால் அந்த அளவுக்குப் பலன் கிடைக்காது. இது தெரியாமல் எத்தனையோ பிள்ளைகளுக்குக் காலம் கடந்துவிடுகிறது. ஒரு தனியார் கிளினிக்கில் எங்களிடமும், "பதினெட்டு வயசு ஆகட்டும், பல்லெல்லாம் முளைச்ச பிறகு பார்த்துக்கலாம்" என்றுதான் சொன்னார்கள். பள்ளிக்கு வந்த பல் தாதி வாயைத் திறந்து பார்த்துவிட்டு அதற்கு நேர்மாறாகச் சொன்னார். கோரைப்பல் இறங்குவதற்குள் நிபுணரைப் பார்த்தாக வேண்டும் என்று அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஈப்போ பெரிய மருத்துவமனையில் முழு வாய்க்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை கறுப்பாக ஓர் இடைவெளி. அதற்குச் சற்று மேலே, எலும்புக்குள் கோரைப்பல் இன்னும் படுத்திருந்தது. டாக்டர் அதன் வேரைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். வேர் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்திருக்கும் நேரம்தான் சரியான நேரமாம். வயதுக் கணக்கில் சொன்னால் பெரும்பாலும் 8 முதல் 11க்குள் வரும். அதற்குப் பிறந்த நாளைவிட எக்ஸ்ரேதான் சாட்சி. அந்த நேரத்தில் எலும்பை வைத்தால் கோரைப்பல் அந்தப் புது எலும்பு வழியாகவே இறங்கி வரும். பல் வந்து உட்கார்ந்தால்தான் எலும்பும் நிலைக்கும். பல்லோ வேறு வேலையோ இல்லாமல் சும்மா கிடக்கும் எலும்பை உடம்பே கரைத்துவிடும்.

"அப்படின்னா கைக்குழந்தையிலேயே வெச்சிருக்கலாமே டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1950களிலும் 60களிலும் குழந்தைப் பருவத்திலேயே எலும்பு வைத்தார்கள். பிறகு மேல் தாடை வளர்ச்சி குன்றிப்போவதைப் பார்த்துப் பெரும்பாலான இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். 1972இல் போய்ன், சாண்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், பால்பல்லும் நிலைப்பல்லும் கலந்து இருக்கும் வயதில் செய்யும் முறையை எழுதி வெளியிட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறார்கள்.

உடனே அறுவை சிகிச்சை கிடையாது. முதலில் சொத்தைப் பற்களைச் சரிசெய்தார்கள். பிளவுக்குள் கோணலாக முளைத்திருந்த ஓர் உபரிப் பல்லைப் பல வாரங்களுக்கு முன்பே பிடுங்கினார்கள், ஈறு ஆறிக் கெட்டியாக வேண்டும் என்பதற்காக. மேல் தாடை ஒடுங்கியிருந்ததால், அதை விரிக்க அண்ணத்தில் குவாட் ஹெலிக்ஸ் என்ற கம்பி ஒன்றைப் பொருத்தினார்கள். அது மாதக்கணக்கில் வாயிலேயே இருந்தது. விரிய விரிய ஈறுத் துளை பெரிதானதுபோல் இருந்தது, மிலோ முன்பைவிட அதிகமாக மூக்கில் வந்தது. அப்படித்தான் இருக்கும், இடைவெளி சரியாகத் திறந்தால்தான் எலும்பை நிறைத்து வைக்க முடியும் என்றார்கள். அந்த மாதங்களில் பல் தேய்ப்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அழுக்கு வாயில் வைக்கும் எலும்புக்குக் கிருமிதான் முதல் எதிரி.

எலும்பு எங்கிருந்து வரும் என்ற பேச்சு வீட்டில் பெரிதாகவே நடந்தது. என் அக்கா வீட்டுக்காரர் செயற்கைப் பல் பொருத்தும்போது தாடை எலும்பு மெலிந்திருக்கிறது என்று ஏதோ தூளை வைத்தார்கள். அது மாட்டெலும்பைப் பதப்படுத்திச் செய்த துகள் என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதிலிருந்து மாமியார் ஒரே பிடியாக நின்றார். "மாட்டெலும்பா இருந்தா என் பேரனுக்கு வேணாம்மா, கேட்டுட்டுக் கையெழுத்துப் போடு" என்றார். டாக்டரிடம் கேட்டேன். அவர் மலாய்க்காரர். கொஞ்சமும் முகம் சுளிக்காமல், தங்கள் மக்கள் பன்றியா என்று கேட்பார்கள், இந்துக்கள் மாடா என்று கேட்பார்கள், கேட்பது உங்கள் உரிமை என்றார். எங்கள் பையனுக்கு அவனுடைய இடுப்பெலும்புதான். இதற்குக் காரணம் மதமில்லை. தூளில் உயிரணு கிடையாது. சுற்றியுள்ள எலும்பு அதன்மேல் மெல்லப் படர்ந்து வரும், அந்தத் துகளும் லேசில் கரையாது. பெரியவர்களின் செயற்கைப் பல்லுக்கு அது போதும். பிள்ளையின் பல் நகர்ந்து இறங்க வேண்டிய இடத்தில், தானே எலும்பை உண்டாக்கும் உயிரணுக்கள் நிறைந்த மிருதுவான எலும்பு வேண்டும். அது இடுப்பின் முன்மேட்டுக்குள் நிறைய இருக்கிறது. மோவாய், முழங்காலுக்குக் கீழ், மண்டையோடு என்று வேறு இடங்களிலிருந்தும் எடுப்பார்களாம். விசாரிக்காமல் விட்டிருந்தால் மாமியார் கடைசிவரை சங்கடப்பட்டிருப்பார். உங்களுக்கும் கேள்வி இருந்தால் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எப்படிச் செய்வார்கள் என்பதை ஒரு தாளில் வரைந்து காட்டினார். இடுப்பில் சிறிய கீறல் போட்டு, வெளி ஓட்டை அப்படியே விட்டு, உள்ளே இருக்கும் பஞ்செலும்பை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். பார்ப்பதற்கு ஊறிய அவலில் ரத்தம் கலந்த மாதிரி இருக்குமாம். வாயில் ஈறைத் தூக்கி, முதலில் மூக்குப் பக்கத்து அடித்தளத்தைத் தைத்து மூடிவிட்டு, அந்தக் குழியில் எலும்பை அழுத்தி நிரப்பி, மேலே ஈறை இழுத்துத் தைப்பார்கள். எல்லாம் முழு மயக்கத்தில்.

முதல் நாளே வார்டில் சேர்த்தோம். நடுராத்திரிக்குமேல் சாப்பாடு கிடையாது. காலையில் ஊசி வலிக்காமலிருக்க மரத்துப்போகும் களிம்பைப் புறங்கையில் தடவினார்கள். தியேட்டர் கதவு வரைக்கும் என் விரலைப் பிடித்திருந்தான். வெளியே வந்தபோது கன்னம் வீங்கி, மூக்கோரம் ரத்தம் காய்ந்திருந்தது. கண் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை வாயைப் பற்றி இல்லை. "அம்மா, இடுப்பு வலிக்குதும்மா."

வாயைவிட இடுப்புதான் வலிக்கும். இதற்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். வலி மருந்தைப் பிள்ளை அழுத பிறகு கேட்காமல், நேரம் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். மறுநாளே இயன்முறைச் சிகிச்சையாளர் வந்து கட்டிலோரம் நிற்க வைத்தார். நடந்தான், நொண்டி நொண்டி. தொடையின் வெளிப்பக்கம் கொஞ்ச நாள் மரத்திருக்கலாம், அங்கே ஓடும் ஒரு நரம்பால் அப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அவன் "இங்க தொட்டா தெரியலை" என்றபோது நான் பதறவில்லை.

பதறியது வீட்டுக்கு வந்த பிறகு. எங்கள் பழைய தோட்டத்து வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறைதான். இடுப்பில் தையலோடு பிள்ளை எப்படிக் குந்துவான்? மருத்துவமனையில் யாருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி நடக்க முடியாமல் இருந்தபோது வாங்கிய, நடுவில் ஓட்டை வைத்த நாற்காலியை அவர்கள் மகன் கழுவித் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். அந்த உதவியை மறக்க மாட்டேன். உங்கள் வீட்டிலும் குந்தும் கழிப்பறை என்றால் அறுவைக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். வாசற்படி உயரமாக இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கட்டிவையுங்கள்.

சாப்பாட்டில் முதலில் தண்ணீர் வகை, பிறகு கடிக்கத் தேவையில்லாதவை. அரைத்த கஞ்சி, ஆறின மிலோ, மசித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டையைக் கரைத்த சூப். சாயங்காலம் மோட்டாரில் வரும் தௌஃபூஃபா (மிருதுவான சோயா இனிப்பு) அவனுக்குத் திருவிழா. ஸ்ட்ரா மட்டும் கூடவே கூடாது, உறிஞ்சினால் தையல் இழுபடும். மூக்கைச் சீந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடி தும்ம வேண்டும். உறைப்பு இல்லை. ரொட்டி சானாய்க்கு ஏங்கினான், கொடுக்கவில்லை. குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமி கொல்லும் தண்ணீரால் கொப்பளித்ததில் நாக்கு ருசி மாறியது என்றான். பல்லில் லேசாகக் கறையும் படிந்தது. பிறகு பல் கிளினிக்கில் சுத்தம் செய்ததில் அது போய்விட்டது. பந்து, சைக்கிள், ஓட்டம் எல்லாவற்றுக்கும் வாரக்கணக்கில் தடை. பள்ளிக்குத் திரும்பியபோது ஆசிரியரிடம் கடிதம் கொடுத்து உடற்கல்வி வகுப்பிலிருந்து விலக்கு வாங்கினேன்.

ஒருநாள் கொப்பளித்துத் துப்பியதில் மணல் அளவுக்கு வெள்ளையாக ஒரு துணுக்கு வந்தது. வைத்த எலும்பு மொத்தமும் போகிறதோ என்று எனக்குக் கை நடுங்கியது. வார்டுக்கு போன் செய்தேன். ஓரிரு துணுக்கு வரலாம், சீழ், நாற்றம், காய்ச்சல், தையல் விட்டு உள்ளே எலும்பு தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் உடனே அழைத்து வாருங்கள் என்றார்கள். எதுவும் இல்லை. வைத்த எலும்பில் ஒரு பகுதி எப்படியும் கரையும் என்றும், மீதி நிலைத்தால் போதும் என்றும் சொன்னார்கள்.

ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே. கறுப்பாக இருந்த இடத்தில் சாம்பல் வெள்ளையாக, பக்கத்து எலும்போடு சேர்ந்து, ஒரு மேடு. டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கோரைப்பல் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. மூக்கில் மிலோ வருவது தையல் ஆறியதிலிருந்தே நின்றுவிட்டது. மூக்கின் இடது ஓரம் கூடக் கொஞ்சம் தூக்கினாற்போல் தெரிகிறது, அடியில் எலும்பு தாங்குவதால்.

வேலை இன்னும் இருக்கிறது. கோரைப்பல்லுக்கும் முன்பல்லுக்கும் நடுவில் வர வேண்டிய சின்னப் பல் அவனுக்கு உருவாகவே இல்லை. பிளவுப் பக்கத்தில் இது அடிக்கடி நடப்பதுதானாம். பிரேஸ் போட்டுக் கோரைப்பல்லை முன்னால் நகர்த்தி அந்த இடத்தில் நிறுத்துவதா, அல்லது இடம் விட்டுவைத்து, தாடை வளர்ச்சி முழுதாக நின்ற பிறகு செயற்கைப் பல் பொருத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். எனக்கு முதல் வழிதான் பிடித்திருக்கிறது, அவன் பல்லே அவன் எலும்பில் நிற்கும். பல் வரிசை நிபுணர் இரண்டு பக்கத்தையும் அளந்து பார்த்துத்தான் சொல்வேன் என்றிருக்கிறார். பள்ளி விடுமுறையில் தேதி கேட்டிருக்கிறோம்.